பெயர் எழுதிய நாற்காலி

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். கட்டிலை மடித்துச் சுவரோடு சேர்த்தான். முட்டை ஒன்றை வேகவைத்தான். அது வேகும் நேரத்தில் மூலிகைத் தைலத்தை முழங்காலில் தேய்த்தான், பிறகு இடது தோளில். முதுகின் நடுவில் கை எட்டாத இடத்தை அப்படியே விட்டான். சட்டையைப் போட்டான். முட்டையைத் தின்றான். ஹோய்சிங்குக்குப் பதினொரு மாதமாக இதே வரிசைதான்.

மினிபஸ் ஜன்னலில், எதிரே நின்ற பேருந்தின் பக்கவாட்டில் அவன் வேலை செய்த படத்தின் விளம்பரம் தெரிந்தது. கூரையிலிருந்து கூரைக்குத் தாவும் நாயகி. முகம் கலிபோர்னியாவிலிருந்து வந்த நடிகையுடையது. உடம்பு அவளுக்கு டூப் போட்ட, அவனுடைய மனைவி லோக்யினுடையது. இடது பாதம் சற்று உள்பக்கம் திரும்பியிருந்தது. எத்தனை முறை சொல்லியும் அவள் அதைத் திருத்தவில்லை. கீழே பெரிய எழுத்தில்: "இதோ, நம் முகம்."

டீக்கடையில் பாவ் அண்ணன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஸ்டண்ட் ஆட்களைக் கம்பிக் கயிற்றில் கட்டிப் பறக்கவிடும் கோஷ்டிக்கு இருபது வருடமாக அவர்தான் தலைவர்.

"என்னடா, பிழிஞ்சு போட்ட துணி மாதிரி வர்றே. சாப்பிட்டியா?"

"முட்டை."

"அதெல்லாம் ஒரு சாப்பாடா? மக்ரோனி சூப் சொல்லியிருக்கேன், குடி. கம்பெனிலேர்ந்து அந்தப் பொண்ணு வந்தா வம்பு பண்ணாம கையெழுத்துப் போட்டுடு. ரெண்டாம் பாகத்துக்கு நம்ம பன்னெண்டு பேரையும் கூப்பிடறாங்க."

சூப் ஆறுவதற்குள் கிரேஸ் வந்துவிட்டாள். படக் கம்பெனியின் விளம்பரப் பிரிவு. பெற்றோர் ஹாங்காங், அவள் பிறந்தது லாஸ் ஏஞ்சலிஸில். ஊர் மொழியான கான்டனீஸ் அவள் வாயில் குழந்தைப் பேச்சாக வந்தது. ஹோய்சிங்கைக் குடும்பப் பெயரால் அழைத்தாள்.

"சின்ன வயசுல நான் பார்த்த படத்துல எல்லாம் நம்ம ஆளுங்க அடி வாங்கத்தான் வருவாங்க, மிஸ்டர் க்வோக். இதுல அப்படி இல்ல. அதுக்கு லோக்யின்தான் காரணம். இதை நான் வேலைக்காகச் சொல்லல."

அவள் மனதாரத்தான் சொன்னாள். அது அவனுக்குத் தெரிந்தது. அவள் ஒரு தாளை நகர்த்தினாள். படம் முடிந்ததும் திரையில் வரும் அஞ்சலி. லோக்யினின் பெயர், இரண்டு தேதிகள், அதன் கீழே, "அவர் கடைசியாகச் சொன்னது: என் மக்கள் பறப்பதை உலகம் பார்க்கட்டும்."

"இதை யார் சொன்னா?"

கிரேஸின் காது சிவந்தது. "எங்க ரைட்டர். அவங்க இப்படித்தான் சொல்லியிருப்பாங்கன்னு..."

"நல்லாத்தானே இருக்கு," என்றார் பாவ்.

"அவ இப்படிப் பேசியிருந்தா நீங்களே சிரிச்சிருப்பீங்க, அண்ணே."

"அப்போ நிஜமா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் கிரேஸ். "அதையே போடலாமே."

இதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

இந்த ஊரில் கயிற்றைக் கையால்தான் இழுப்பார்கள். ஆறு பேர். லோக்யின் கயிற்றில் இருந்தால் முதல் கை எப்போதும் ஹோய்சிங்குடையது. அவன் இரண்டு முறை சுண்டுவான். அவள் பதிலுக்கு ஒரு முறை சுண்டினால் தயார். சுண்டாவிட்டால் கேமரா ஓடினாலும் இழுக்கமாட்டார்கள். அவள் காலையில் இரண்டு பன் தின்றிருந்தால் கயிற்றிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஹாலிவுட்காரர்கள் மிஷினோடு வந்தார்கள். நொடியைக் குறித்துக் கொடுத்தால் அதுவே இழுக்கும். ஹோய்சிங்கைச் சண்டை இயக்குநர் ஆக்கினார்கள். மானிட்டர் முன்னால் ஒரு துணி நாற்காலி, முதுகில் அவன் பெயர், இரண்டு மொழியிலும். மிஷின் வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தால் அதை அகற்றியிருப்பார்கள். அந்த நாற்காலிக்கு அவ்வளவு அதிகாரம் இருந்தது. புதுப் பதவியில் முதல் வாரமே குறை சொல்ல வேண்டாம் என்று அவன் இருந்துவிட்டான்.

நான்காவது டேக். ஓட்டுக் கூரை ஈரமாக இருந்தது. அவள் கால் வழுக்கியது அரை நொடிதான். கையால் இழுப்பவர்கள் என்றால் நிறுத்தியிருப்பார்கள். மிஷின் குறித்த நொடியில் இழுத்தது. எதிரே இரும்பு உத்தரம்.

ஹோய்சிங் பேனாவை எடுத்தான்.

"சிங், வேணாம்டா," என்றார் பாவ்.

"நீங்க அப்போ மேல கூரையில இருந்தீங்க, அண்ணே. உங்களுக்குக் கேட்டிருக்காது."

"கேட்காததே நல்லது. நீ எழுதினா மிஷின் கதை வெளிய வரும். அப்புறம் எவன் நம்மளக் கூப்பிடுவான்? பன்னெண்டு குடும்பம்."

"தெரியும்."

"உன் பேரும்தான் கெடும்."

"அதுவும் தெரியும்."

பாவ் சூப் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி, தாளுக்கு இடம் விட்டார்.

அச்சடித்திருந்த வரியை அவன் ஒரே கோட்டில் அடித்தான். அன்று நான்காவது டேக்குக்கு முன் லோக்யின் இடுப்பில் கயிறு மாட்டும் வாரோடு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வாயில் பாதி பன். அவன் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், போ போ என்று கையை ஆட்டினான். அவள் சொன்னதை இப்போது அடித்த வரிக்குக் கீழே ஒரு சொல் கூட்டாமல் எழுதி, தாளைக் கிரேஸ் பக்கம் திருப்பி வைத்தான்.

"நாற்காலி எங்கயும் ஓடிப் போயிடாது. நீ வந்து கயிறைப் பிடி."