ஆவுடையப்பன் குறித்த வெள்ளை அறிக்கை

காந்திமதியின் கணவர் ஆவுடையப்பன் காணாமல் போனது குறித்த வெள்ளை அறிக்கை தயாராகிவிட்டது, நேரில் வந்து கையெழுத்துப் போடவும் என்று கடிதம் வந்தது. அவள் நடையாய் நடந்து கேட்ட அறிக்கை. தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த ஊரில் எது தொலைந்தாலும் வெள்ளை அறிக்கை கேட்பார்கள். பெரிய ஏரி காணாமல் போனபோதும் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி, ஒளிவுமறைவில்லாமல், நானூறு பக்கத்தில் வெளியிட்டது அரசு. அறிக்கை வந்துவிட்டால் அதைப் பற்றி மறுபடி கேட்கக் கூடாது, தேடவும் கூடாது. நல்ல ஏற்பாடுதான், ஏரித் தண்ணீர் தேவைப்படாதவர்களுக்கு.

அலுவலகத்தின் தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. பாதியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். கை கழுவி எழுந்தபோது கதவு எதிரிலேயே இருந்தது.

உள்ளே பெஞ்சில் ஆவுடையப்பன் உட்கார்ந்து அறிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

“வீட்டுக்கு வாங்க,” என்றாள்.

“எப்படி வர முடியும்? நான் காணாமப் போயிட்டேம்லா,” என்றார் அவர். “பதினோராம் பக்கத்துல தெளிவா இருக்கு.”

நான்கு மணிக்கு அறிக்கை வெளியாகும், அதற்குப் பிறகு இவர் இங்கேயும் இருக்க மாட்டார் என்றார் அங்கிருந்த அலுவலர். எங்கே போவார் என்று காந்திமதி கேட்டாள். அது அறிக்கையின் வரம்புக்குள் வராது என்று மரியாதையாகச் சொன்னார். தவறு ஏதும் இருந்தால் இப்போதே சொல்லலாம். ஒன்றே ஒன்று இருந்தாலும் முதலிலிருந்து விசாரித்து எழுதுவது அவர்கள் முறை.

வரி வரியாகப் படித்தாள். ஒரு தவறும் இல்லை. அன்று காலை சண்டையில் “போகணும்னா போங்க” என்று அவள் சொன்னதுகூட இருந்தது. அந்த இடத்தில் கண்ணீர் மறைத்து, சற்று நேரம் எழுத்தே தெரியவில்லை.

“சட்டை நீலம்னு போட்டிருக்கு,” என்றாள். “மஞ்சள்.”

அலுவலர் ஆவுடையப்பனைத் திரும்பிப் பார்த்தார். அவர் போட்டிருந்தது நீலச் சட்டை.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

“நாந்தான் தேய்ச்சுக் குடுத்தேன். மஞ்சள்.”

அலுவலர் அறிக்கையை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, புதுத் தாள் கொண்டுவரப் போனார். ஆவுடையப்பன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். திரும்ப எழுதி முடிக்க எத்தனை நாளாகும் என்று அவள் கேட்டாள்.

“போன தடவை ஒம்போது வருஷம் ஆச்சு,” என்றார் ஆவுடையப்பன்.

காந்திமதி உட்கார்ந்தாள்.