ஒன்பது மணிக்கு மேல் தடி ஊன்றக் கூடாது

சமரச மையம் என்பதெல்லாம் பெரிய பெயர். நூலகத்தின் பின்னறைதான். குழந்தைகள் படிக்கிற இடம், நாற்காலிகள் முழங்கால் உயரம். வக்கீல், கோர்ட், அலைச்சல் எதுவும் இல்லாமல் அக்கம்பக்கத்துச் சண்டையைப் பேசித் தீர்க்கலாம் என்று போன தடவை எங்களை இங்கேதான் உட்கார வைத்தார்கள். என் வீட்டுக்காரர் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் திண்டாட, எதிராளிதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

எதிராளி எங்கள் கீழ்வீட்டு ரொட்டிக்காரர். ரொட்டி ஆலையில் விடியுமுன்னே வேலை, இருட்டியதும் படுத்தாக வேண்டும். மேலே இவர் தடியை டொக்கு டொக்கென்று ஊன்றி நடந்தால் மனிதருக்கு எப்படித் தூக்கம் வரும்? அவர் துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பார். இவர் வேண்டுமென்றே இன்னும் இரண்டு நடை நடப்பார். எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ராத்திரி வேலை. இரண்டு வீம்புக்கும் நடுவில் மாட்டாமல் தப்பித்தேன்.

சமரசம் பேசிய அம்மா பொறுமைசாலி. ஒன்பது மணிக்கு மேல் இவர் வீட்டுக்குள் தடி ஊன்றக் கூடாது. என்ன சத்தம் கேட்டாலும் அவர் ராத்திரியில் இடிக்கவோ மேலே வரவோ கூடாது, காலையில் வந்து சொல்ல வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இவர் சண்டைக்காரர், ஆனால் சொன்ன சொல் தவற மாட்டார். ஒன்பது ஆனதும் தடியை வாசல் கொக்கியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி கூப்பிட்டு, ஒப்பந்தம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்பது இங்கே வழக்கம். அதற்குள் ஒரு காலை நான் வேலை முடிந்து வந்தபோது இவர் சமையலறைத் தரையில் கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. தடி கொக்கியில் தொங்கியது. விழுந்த உடனே போயிருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். "இருக்கலாம்" என்றார்.

அந்த "இருக்கலாம்" என்னைத் தூங்க விடவில்லை. ரொட்டிக்காரரோ படியில் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போனார். இங்கே ஒதுங்க இடமில்லை என்றுதான் வந்தேன். அழுகை வந்தால் இருக்கட்டும் என்று ஒரு கைக்குட்டையும் எடுத்து வைத்திருந்தேன்.

"உங்களுக்கு முடியலைன்னா இதை இப்படியே முடிச்சுக்கலாம்மா," என்றார் சமரசம் பேசும் அம்மா.

"பரவால்ல. இவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்." ரொட்டிக்காரர் பக்கம் திரும்பினேன். "அன்னிக்கு ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

அவர் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடக்கினார். நகக்கண்ணில் மாவு ஒட்டியிருந்தது.

"கேட்டுச்சுக்கா. தொப்புன்னு ஒண்ணு."

"அப்புறம்?"

"அப்புறம் தட்டுற சத்தம். தடி இல்ல. கையால தரையில தட்டுற மாதிரி, மெதுவா. மறுபடி வீம்புக்குப் பண்றார்னு நெனச்சேன். மேல வரலாம்னு செருப்புகூட மாட்டிட்டேன்க்கா. ராத்திரி வரமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கோமேன்னு திரும்பப் படுத்துட்டேன். காலையில சொல்லிக்கலாம்னு..."

"எவ்வளவு நேரம் தட்டினார்?"

"நான் வேலைக்குக் கிளம்பும்போதும் கேட்டுச்சு."

அதைச் சொல்லிவிட்டு அவர் அழ ஆரம்பித்தார். எனக்கு வரவில்லை. அவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும், சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கைக்குட்டை சும்மாதானே இருக்கிறது என்று அதை அவரிடம் கொடுத்தேன்.

சமரசம் பேசும் அம்மா பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"கேட்டே ஆகணும், தப்பா எடுத்துக்காதீங்க. ஒப்பந்தத்தை ரெண்டு தரப்பும் கடைப்பிடிச்சீங்களா?"

"கடைப்பிடிச்சாங்க," என்றேன். "ரெண்டு பேருமே."

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கிளம்பலாம் என்று பார்த்தால் அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து என்னாலும் எழ முடியவில்லை. ரொட்டிக்காரர் கை நீட்டினார். பிடித்துக்கொண்டு எழுந்தேன்.