பூதத்துக்குள் கோவிந்தன்

கோவிந்தன் ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. அந்த உயரம்தான் அவனை மாட்டிவிட்டது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஒன்றில் காண்டிராக்ட் வேலை பார்த்துக்கொண்டு, மத்திகிரியில் மூன்று பேரோடு ஒரே அறையில் இருந்தான். கல்யாண வீடியோ எடுக்கும் சிவராஜ் ஒருநாள் டீக்கடையில் அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டு, தன் படத்துக்கு ஒரு பூதம் வேண்டும் என்றார்.

அது 2006. பழைய ராட்சசப் படங்களில் ரப்பர் உடுப்பு மாட்டிய ஆள் ஒருவன் ஊரையே மிதித்துத் தள்ளுவானே, அதையெல்லாம் கிண்டல் பண்ணி ஒன்றரை மணி நேரப் படம். சாக்கடைத் தண்ணீர் குடித்து வளர்ந்த தவளைப் பூதம் ஒன்று கிணற்றிலிருந்து ஏறி வரும். ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்பவர்களைத் துரத்தும். கடைசியில் பஸ்ஸில் இடமில்லாமல் அதுவும் படியில் தொங்கிக்கொண்டு போகும். கதையைக் கேட்டுக் கோவிந்தன் வயிறு வலிக்கச் சிரித்தான். முகம் தெரியாதே என்று சிவராஜ் சொன்னபோது பரவாயில்லை என்றான். ஊரிலிருந்த மனைவி பொற்கொடியிடம் மட்டும் சொல்லவில்லை. முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

சோபா தைக்கும் பரமசிவம் ஸ்பாஞ்சிலும் பச்சை ரெக்சினிலும் பூதத்தின் உடம்பைச் செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நாராயணப்பன் தோட்டத்துக் கிணற்றடியில் கோவிந்தனை அதற்குள் இறக்கினார்கள். முதுகுப் பக்கத்து ஜிப் கேமராவில் தெரிந்தது. பரமசிவம் அதன்மேல் ஒரு ரெக்சின் துண்டை வைத்துக் கோணி ஊசியால் தைத்துவிட்டார். தவளைத் தலையைக் கழுத்தோடு பசை போட்டு ஒட்டினார். கைகளுக்கு வாத்துக்கால் மாதிரி உறை. விரல் எதையும் பிடிக்காது. பார்ப்பதும் மூச்சு விடுவதும் வாயிலிருந்த நான்கு விரல் இடைவெளி வழியாகத்தான்.

கிணற்றில் இடுப்பளவு தண்ணீர் இருந்தது. பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கற்படிகளில் அவன் பாதி ஆழம் வரை இறங்கி, அங்கிருந்து மேலே பார்த்து உறுமினால் போதும் என்றார் சிவராஜ். இடுப்பில் கட்டியிருந்த கயிறு கேமராவில் விழுகிறது என்று அதையும் அவிழ்த்துவிட்டார்கள். நான்காவது படியில் கோவிந்தனின் கால் வழுக்கியது.

விழுந்ததில் அடி படவில்லை. ஆனால் ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தது. எழுந்து நின்றபோது சிமெண்ட் மூட்டையைத் தோளில் ஏற்றிய மாதிரி இருந்தது. கல்லைப் பிடித்தான், உறை வழுக்கியது. ஒரு காலைப் படியில் தூக்கி வைத்தான். உடம்பு பின்னால் இழுத்தது. மறுபடி விழுந்து எழுந்தான். ஈரமான ஸ்பாஞ்ச் வாயோடு வந்து ஒட்டிக்கொண்டது.

தூக்கிவிடுங்கள் என்று கத்தினான். அது ஸ்பாஞ்சுக்குள் சுற்றி, கொழகொழவென்று ஓர் ஊளையாக வெளியே போனது. மேலே சிரிப்பு வெடித்தது. சுவரை இரண்டு கையாலும் அறைந்தான். சிரிப்பு இன்னும் கூடியது. அப்படியே பண்ணு, அப்படியே பண்ணு என்று சிவராஜ் உற்சாகமாகச் சொல்வது கேட்டது. கத்தக் கத்த அவன் நல்ல நடிகன் ஆகிக்கொண்டிருந்தான்.

பிறகு பேச்சுக் குரல்கள் விலகிப்போயின. பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றிக்கொண்டு வருவதற்குள் வெளியே ஏறிவிடாதே என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். மேலே வட்டமாக வானம் மட்டும் இருந்தது. கோவிந்தன் சுவரில் சாய்ந்தான். தலைக்குள் வெந்நீர் ஆவி போலத் தன் மூச்சே திரும்பி வந்தது. முழங்கால் மடங்கியது. தாடை வரை தண்ணீர் வந்தபோது பொற்கொடியைக் கூப்பிட்டான். எத்தனை தடவை என்று அவனுக்கே தெரியாது.

நாராயணப்பனின் மனைவி சென்னம்மா மாட்டுக்குப் புல் அறுத்துவிட்டு, தன் கிணற்றை இவர்கள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் பச்சையாக ஒன்று கிடந்தது. "எவரய்யா அதி?" யாரய்யா அது என்று தெலுங்கில் கேட்டாள். ஓர் உறைக்கை மெல்ல மேலே வந்து, விழுந்தது.

அவள் வேப்பமரத்தடிக்குப் போனாள். எல்லோரும் பொட்டலம் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"உள்ள இருக்கறது மனுசனா, பொம்மையாப்பா?"

"மனுசன்தாங்க்கா. நடிக்கிறான்," என்றார் சிவராஜ்.

"படம் புடிக்கிற பொட்டி இங்க இருக்குது. அங்க அவன் யாருக்குடா நடிக்கிறான்?"

சிவராஜ் கையிலிருந்த சோற்றை உதறிவிட்டு எழுந்தார்.

மற்றவர்கள் எழுந்து ஓடி வருவதற்குள் சென்னம்மா புடவையைச் செருகிக்கொண்டு, அரிவாளோடு பாதிப் படி இறங்கியிருந்தாள். தண்ணீரில் நின்றபடி தவளையின் தாடையைத் தூக்கிப் பிடித்து, கழுத்துப் பசையை அரிவாளால் கிழித்தாள். தலை கழன்று மிதந்தது. கோவிந்தனுக்கு முதலில் மூச்சு வரவில்லை, இருமல்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றான். பேசாதே, மூச்சை விடு என்று அதட்டினாள். சிவராஜும் பரமசிவமும் கயிறு கட்டி அவனை மேலே இழுத்தார்கள். பரமசிவம் தன் தையலைத் தானே பிரித்தார்.

ஒரு வாரம் கோவிந்தனால் போர்வையைத் தலைக்கு மேல் இழுக்க முடியவில்லை. சிவராஜ் இரண்டு தடவை அறைக்கு வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை, படத்தை நிறுத்திவிடுகிறேன், கிணற்றில் எடுத்த டேப்பையும் அழித்துவிடுகிறேன் என்றார். கோவிந்தன் அதைப் போட்டுக் காட்டச் சொன்னான். பார்த்தபோது அவனுக்கே ஓரிடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

"இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி," என்றான். "ஆனா உள்ள இருந்தது யாருன்னு எம்பேரப் போடுங்க."

மீதிக் காட்சிகளை நிலத்தில், தலையைத் தனியாகக் கழற்றும்படி மாற்றி எடுத்தார்கள். பொங்கலன்று காலை பதினோரு மணிக்குக் கேபிளில் படம் வந்தது. வீட்டுக்காரர் ஹாலில் தெருவே உட்கார்ந்திருந்தது. கிணற்றுக் காட்சியில் சிரிப்பு கூரையில் மோதியபோது கோவிந்தன் எழுந்து வாசலுக்கு வந்து, வாயைத் திறந்து காற்றை இழுத்தபடி நின்றான். சிரிப்பு ஓய்ந்ததும் உள்ளே போய் மீதியைப் பார்த்தான். கடைசியில் அவன் பெயர் வந்தது. கொஞ்சம் சாய்வாக, ஆனால் பெரிதாக.

அன்று மதியம் பொற்கொடிக்குப் போன் செய்து, படத்தில் பூதமாக நடித்தேன் என்றான்.

"பயமா இருந்துச்சா?" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பாத்தவங்களுக்கா, எனக்கா?" என்றான். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அவன் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.