வாசல் கதவுக்கு ஒரு முகம்

கணினியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள் ராலிட்சா. பக்கத்து அறையில் அவள் கணவன் அசென் விடியற்காலையில்தான் உயிரை விட்டிருந்தான். நாத்தனார் நெவேனா கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்னால் நின்றாள். செத்தவர் படத்தோடு அச்சடிக்கிற இரங்கல் தாள் மதியத்துக்குள் வாசல் கதவில் ஏறியாக வேண்டும். முகமில்லாத தாளை ஒட்டினால் ரூசே ஊரே வாயைப் பிளக்கும்.

பாதி ஊரின் கல்யாணங்களைப் படம் பிடித்தவள் ராலிட்சா. ஐம்பது தாண்டி என்ன தோன்றியதோ, கலைக்கல்லூரியில் முதுகலைக்குச் சேர்ந்தாள். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கென்றே நடக்கிற படிப்பு அது. வீட்டில் நோயோடு படுத்திருந்த புருஷனையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள். முகம் பரிதாபம் கேட்கும், அதை விட்டுவிடுங்கள் என்றார் பேராசிரியை. இவளும் தலையை ஆட்டிவிட்டு அவன் முதுகு, முழங்கை, தலையணைக் குழி, மாத்திரை ஏந்திய உள்ளங்கை என்று எடுத்துத் தள்ளினாள். வகுப்பே கைதட்டியது.

"வருஷம் முழுக்க கேமராவும் கையுமாத்தானே அவன் தலைமாட்டுல நின்ன? முகம் தெரியற படம் ஒண்ணு குடேன்" என்றாள் நெவேனா.

"தேடறேன் அக்கா."

இல்லை என்று சொல்ல நாக்குக் கூசியது. நோய்க்கு முந்தைய அடையாள அட்டையில் இருந்தவனுக்குக் கொழுத்த கன்னம், கறுத்த மீசை. இது யாரோ மாதிரி இருக்கே என்று நெவேனா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆய்வுக்கு ஆகாதென்று ஒதுக்கியவற்றில் ஒன்று கிடைத்தது. குளியலறை முக்காலியில் வெற்றுடம்போடு அசென். நேராகப் பார்க்கிறான், மார்புக்கு முன்னால் கையைத் தூக்கித் தடுத்தபடி. அன்று அவன் கெஞ்சினான்: "போதும் ராலி. கொஞ்ச நேரம் பொண்டாட்டியா இரு."

கையை இறக்கு, வெளிச்சம் போய்டும் என்றுதான் அவள் பதில் சொன்னாள். இப்போது அதை நினைத்தால், சீ, நானும் ஒரு மனுஷியா என்றிருந்தது. ஆனாலும் இளைத்த இந்த முகத்துக்கு வேறு படம் இல்லை. கழுத்துக்குக் கீழே வெட்டி அச்சகத்துக்கு அனுப்பினாள்.

தாள் வந்ததும் நெவேனா கதவில் வைத்துப் பிடித்தாள், இவள் பசை தடவினாள்.

"எவ்வளவு பிரியமா பாக்கறான் பாரு" என்று நெவேனா கண்ணைத் துடைத்தாள். "உன்னைத்தானே?"

"ஆமா அக்கா."

படத்தின் அடியோரத்தில், தடுத்த கையின் ஒரு விரல் நுனி வெட்டுப்படாமல் நின்றிருந்தது. ராலிட்சா அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் துக்கம் கேட்கப் படியேறி வந்தார்கள். பசை காயட்டும் என்று சொல்லிவிட்டு, விரலை எடுக்காமலே நின்றாள்.