எல்லை தாண்டிய சட்டி

மட்டாஞ்சேரியில் நான் பேரம் பேசி வாங்கிய அலுமினியச் சட்டி அது. படகில் கழுவும்போது கை நழுவிக் கடலில் விழுந்து, காற்றோடு மாலத்தீவுப் பக்கம் மிதந்து போயிற்று. எங்கள் படகு எல்லையை ஒட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் எல்லைக் கருவி கத்த ஆரம்பித்துவிடும்.

“அண்ணே, கொஞ்சம் முன்னால போனா பிடிச்சிரலாம்,” என்றேன்.

படகோட்டும் ஸ்ராங்கு தங்கதுரை அண்ணன் சட்டம் பேசினார். “படகும் தாண்டக் கூடாது, வலையும் தாண்டக் கூடாது. ஒரு சட்டிக்காக ஜெயிலுக்குப் போவியாடே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்போ கஞ்சிய உங்க தொப்பியிலயா வைக்க?” என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் நின்ற மாலத்தீவுப் படகுக்காரர்கள் சட்டியை எடுத்தார்கள். அவர்களும் எல்லையைத் தாண்டவில்லை. கயிற்றின் ஒரு முனையை எங்களிடம் வீசி, மறுமுனையில் சட்டியைக் கட்டி மிதக்கவிட்டார்கள். இழுத்துப் பார்த்தால், உள்ளே ஒரு பொட்டலம் மாசிக் கருவாடு! மட்டாஞ்சேரியில் என் அடுத்த வீட்டு ஷபானா அக்காவும் இப்படித்தான். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரவே மாட்டார்.

ஸ்ராங்குக்கு முகம் வெளுத்தது. “அவங்க மீனு நம்ம போட்டுல இருந்தா கேஸாயிரும்! கரை சேருமுன்ன ஒரு துண்டு மிஞ்சக் கூடாது. உடனே கறி வை.”

சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மூன்று வேளையும் தின்றோம்.

அடுத்த முறை போனபோது அதே மாலத்தீவுப் படகு எதிரே நின்றது. சட்டி மறுபடியும் கடலில் விழுந்தது.

“கை நழுவிட்டுடே,” என்றார் ஸ்ராங்கு.

மிதந்து போன சட்டிக்குள் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுவல் இருந்தது.