சத்தம் போடாத பெல்ட்

பழைய காரை சர்வீசுக்கு விட்டிருந்தார்கள் கணவனும் மனைவியும். எஞ்சினை உள்ளே கழுவுவது, ஏசியைச் சுத்தம் செய்வது, பிரேக் ஆயில், டைமிங் பெல்ட் என்று மெக்கானிக் அடுக்கினார்.

"வண்டி நல்லாத்தானே ஓடுது? எதுவும் வேணாம்," என்றார் கணவர்.

"மொத ரெண்டும் அப்புறம் பாத்துக்கலாம் சார். பிரேக் ஆயில் மாத்தியே ஆகணும். பெல்ட் சொல்லாம கொள்ளாம அறுந்துடும். எஞ்சினே போயிடும்."

மனைவி கணவரைப் பார்த்தாள். "போன வருஷம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தீங்களே, அதுக்கு முன்னாடி நீங்களும் நல்லாத்தாங்க இருந்தீங்க."

அவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "ரெண்டையும் மாத்திடுங்க," என்றார் மெல்ல.

சாயங்காலம், கழற்றிய பெல்ட்டை மெக்கானிக் வளைத்துக் காட்டினார். எங்கும் வெடிப்பு. கணவர் சாவியை அவளிடம் நீட்டினார்.

"ஆஸ்பத்திரிப் பக்கமா ஓட்டும்மா. செக்கப்புக்கு டிமிக்கி குடுத்துட்டேன்."