பச்சை உடம்புக்குத் தண்ணீர்

செங்கம்மாள் சிரித்த முகமாகத்தான் நாத்தனார் ராஜாத்தியை வரவேற்றாள். அந்தச் சிரிப்பை மாமியார் குஞ்சம்மாள் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, கண்ணுங்களா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளின் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டில்லியில், சாக்கடையை ஒட்டின தமிழர் குடிசைப் பகுதி, மதராசி கேம்ப். எழுபத்தொன்பதாம் வருஷத்து ஜூன் மாசம். தகரக் கூரைக்கு மேலே லூ என்கிற அனல்காற்று அடித்தால் உள்ளே இருக்கிறவள் வெந்துபோவாள். அந்தக் கேம்பில் எவள் பிள்ளை பெற்றாலும் குஞ்சம்மாள் வைத்ததுதான் சட்டம். பிரசவக் காய மருந்து அரைத்து உருட்டித் தருவாள், வயிற்றில் துணி கட்டுவாள், பூண்டும் கருவாடும் பத்தியம் சொல்வாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது. வயிறு ஊதிவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையால் காலையில் ஒரு பாலாடை சுக்குத்தண்ணீர், சாயங்காலம் ஒரு பாலாடை. தென்னார்க்காட்டு அடைமழையில் அவளுக்கு அவள் மாமியார் செய்ததை, டில்லி வெயிலிலும் அப்படியே செய்தாள்.

போன வருஷம் இதே வெயிலில்தான் செங்கம்மாளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அதே சட்டம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு வராமல் கிடந்தாள். மார் வற்றியது. டப்பாப் பால் கொடுத்தார்கள். வயிற்றால் போயிற்று, பிள்ளையும் போயிற்று. குஞ்சம்மாள் குழாயடியில் நின்று, "என்னாத்தச் சொல்ல! அவ மாருல பாலே இல்ல. ராசி கெட்டவ" என்றாள். அதிலிருந்து ஒருத்தியும் தன் கைக்குழந்தையைச் செங்கம்மாளிடம் நீட்டுவதில்லை.

இப்போது ராஜாத்திக்குப் பெண் பிறந்தது. வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் புறப்பட்ட குஞ்சம்மாள், மருமகளை ஓரமாக இழுத்தாள்.

"வெயில் கொல்லுதுடி. அவ கேட்டா ரெண்டு வாய் தண்ணி குடு. வெளிய சொல்லிக்காத."

"ஐயையோ, இன்னா அத்தை இது!" செங்கம்மாள் குரலை உயர்த்தினாள். "பச்ச உடம்பாச்சே! பாப்பம்மாக்கா, நீ சொல்லு, உனக்கு அத்தை ஒரு சொட்டு குடுத்துதா?"

"எங்க குடுத்துது? பானையாண்ட போனாலே கைய ஓங்குமே!" என்றாள் பக்கத்துக் குடிசை பாப்பம்மாள்.

குஞ்சம்மாள் விறுவிறுவென்று வேலைக்குப் போய்விட்டாள். ஊருக்கே சட்டம் சொன்னவள், தன் மகளுக்கென்றால் மாற்றிக்கொண்டாள் என்று பேர் வருமே! அந்தப் பயத்தைத்தான் செங்கம்மாள் பிடித்துக்கொண்டாள். படுப்பதுகூடப் பானையடியில்தான். மாமியார் சொம்பைத் தொட்டால் போதும், "அக்கா, இங்க வந்து பாரேன்" என்று யாரையாவது கூப்பிட்டுவிடுவாள். ராஜாத்தி "அண்ணி, அண்ணி" என்று கெஞ்சுவாள். பாலாடையைத்தான் நீட்டுவாள் செங்கம்மாள். குழந்தை மாரைக் கவ்விக் கவ்விப் பார்த்துவிட்டு வீறிடும். அதைக் கேட்டுச் செங்கம்மாள் ஒரு தடவை சொம்பைக்கூடக் கையில் எடுத்தாள், பொய் சொல்வானேன். ஆனாலும் பானை மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வந்தது. கேம்புப் பெண்கள் கூடினார்கள். பழைய புடவையைத் திரை கட்டி, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைக் குஞ்சம்மாளே மொண்டு ஊற்றினாள். ராஜாத்தி அண்ணாந்து வாயைத் திறந்தாள். கசப்போடு, சூட்டோடு, வழிந்ததையெல்லாம் மடக்மடக்கென்று விழுங்கினாள்.

"ஏய், வாய மூடுடி தாயி!" என்று ஒருத்தி சிரித்தாள்.

குஞ்சம்மாளின் கை நின்றுவிட்டது. மகளின் உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. "குடிக்கட்டும் விடுங்கடி. செங்கம்மா, நல்ல தண்ணி கொண்டா. ஜல்தி!"

செங்கம்மாள் கொண்டுவந்தாள். கொடுக்கவில்லை. சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆகாதே, அத்தை."

"ஆவும், குடுடி."

"எனக்கு ஆவலியே. எப்பலேர்ந்து ஆவுது?"

"தப்பாச் சொல்லிட்டேன். போதுமா?"

"போதாது. எம் மாரு ஏன் வத்துச்சு? குழாயடியில சொன்ன வாயாலயே இங்க சொல்லுங்க."

குஞ்சம்மாள் சுற்றிலும் பார்த்தாள். ஒருத்தியும் துணைக்கு வரவில்லை. குழந்தை வீறிட்டது.

"தண்ணி இல்லாமத்தான் வத்துச்சு. நாந்தான் குடுக்கல. அவ ராசிக்கு ஒரு கொறையும் இல்ல."

பாப்பம்மாள் எழுந்தாள். "அப்ப எம் மூத்தது? அதுவும் டப்பாப் பாலு குடிச்சுத்தானே போச்சு?"

பாப்பம்மாள் காறித் துப்பிவிட்டு வெளியே நடந்தாள். மற்றவர்களும் தட்டில் வைத்த வெற்றிலையைத் தொடாமல் பின்னாலேயே போனார்கள். இனி எவள் பிள்ளை பெற்றாலும் குஞ்சம்மாளைக் கூப்பிடமாட்டார்கள்.

செங்கம்மாள் சொம்பை நீட்டினாள். ராஜாத்தி மூச்சுவிடாமல் குடித்து முடித்து நிமிர்ந்தாள்.

"எங்கம்மா சொல்லலைன்னா, எம் புள்ளையும் போவட்டும்னு விட்டிருப்பியா அண்ணி?"

"அத உங்கம்மாவக் கேளு" என்றாள் செங்கம்மாள். "பேரு போயிடும்னு, பெத்த பொண்ண இன்னும் எத்தினி நாளு காயவிட்டிருக்கும்னு கேளு."

ராஜாத்தி ஈரத்தோடு குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, அம்மாவின் பக்கம் திரும்பினாள்.